பதினேழாம் வரி

மே 9, வெள்ளி.
பிழை: வேலைப் பட்டியலின் பதினேழாம் வரியில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. திருத்தித் திரும்பவும் அனுப்பினேன். ஒரே பட்டியல் எதற்கு இரண்டு தடவை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

மணிமொழியின் நாட்குறிப்பு என்றைக்கும் பிழையில்தான் தொடங்கும். பகலில் கள்ளக்குறிச்சி விதைக்கடை ஒன்றில் பில் போடுகிறவள், ஆறு மணிக்குக் கடையை விட்டு இறங்கித் தட்டச்சு வகுப்புக்குப் போவாள். அங்கே மாஸ்டர் தாளை வாங்கியதும் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டார். சிவப்புப் பேனாவால் பிழைகளைச் சுழித்து, எண்ணி, மூலையில் எண்ணைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அந்தப் பழக்கம் இவளோடு பஸ் ஏறி வடக்கனந்தல் வீடு வரைக்கும் வந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். அன்றைய தப்பை எழுதி முடித்தால்தான் சோறு இறங்கும்.

அந்தப் பட்டியல் அவளுடைய கல்யாணத்துக்கானது.

மாப்பிள்ளை இளமாறன் அதே வகுப்பில் அடுத்த மிஷினில் உட்கார்ந்தவன். சங்கராபுரம் பக்கத்துக்காரன், டிராக்டர் பட்டறையில் ஃபிட்டர். போல்ட் முடுக்குகிற விரலால் அவன் அடித்தால் முற்றுப்புள்ளி விழுந்த இடமெல்லாம் தாளில் ஓட்டை இருக்கும். அந்தத் தாளைப் பார்த்துச் சிரிக்கப் போய்ப் பழக்கமானது. ஒன்றரை வருடத்தில் இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள்.

போன தை மாதம் இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். விதைக்கடையில் கூட வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கல்யாணம். மேடையில் மூன்று மணி நேரம் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். வரிசையில் நின்று மணிமொழி பக்கத்தில் போனபோது, கல்யாணப்பெண் சிரித்த முகத்தை மாற்றாமல், கால் மரத்துப்போச்சுடி, ஒரு வாய் தண்ணி கேளேன் என்றாள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே இவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நமக்கு மேடை வேண்டாம். வரிசை வேண்டாம். பேனர் வேண்டாம். காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர் வேண்டாம். ஒரு மரத்தடியில் பாயை விரித்து, வந்தவர்களோடு உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டு, அவர்களுக்கு நாமே இலையில் பரிமாறினால் போதும்.

மரத்தடி என்றதும் மணிமொழிக்கு வேறு இடம் தோன்றவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் தனசேகரனின் மாந்தோப்பு இருக்கிறது. அவள் அம்மா ஜெயம்மாள் இருபத்திரண்டு வருடம் கூலி வேலை செய்த தோப்பு. அதில் ஒரு ருமானி மாமரக் கிளையில்தான் மணிமொழிக்குத் தூளி கட்டியிருந்தார்களாம். போய்க் கேட்டதற்குத் தனசேகரன், மேற்கு வரிசையில் மே கடைசிக்குள் காய் பறித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு தாராளமாக நடத்திக்கொள் என்றார். ஜூன் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. கத்திரி முடிந்திருக்கும், வளர்பிறையும்கூட. காலை ஆறரைக்குத் தாலி, வெயில் ஏறுவதற்குள் பந்தி.

பத்திரிகையும் அவர்களே தயாரித்தது. வகுப்பு முடிந்த பிறகு மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, நூற்று நாற்பது அட்டையில் ஒவ்வொன்றாக அடித்தார்கள். ஒவ்வோர் அட்டையின் கீழும் அந்த ஆளுக்கு மட்டுமான ஒரு வரி. 'இளவரசன் மாமா, உங்கள் தவில் சத்தம் கேட்காமல் இவர் தாலியை எடுக்க மாட்டாராம்.' இப்படி.

சமையல்காரர், பரிமாற ஆள் என்று யாரையும் வைப்பதில்லை, வருகிறவர்களே ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொள்வது என்பது இளமாறனின் யோசனை. அதை முப்பத்தோரு வரிப் பட்டியலாக்கியது மணிமொழி. சாமைப் பொங்கல், வெள்ளிமலையிலிருந்து வரும் தோழி கலையரசி. பாய் விரிப்பது, பட்டறைப் பையன்கள். பன்னீர் தெளித்து வரவேற்பது, இளமாறனின் அம்மா காசியம்மாள். ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை, ஒரு வேலையும் இரண்டு பேருக்கு விழவில்லை. மூன்று முறை சரிபார்த்தாள். அந்த ஓர் இடைவெளிதான்.

பட்டியல் போன இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஜெயம்மாள் காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வெயிலோடு திரும்பினாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"மண்டபத்துல பேசிட்டு வந்துட்டேன். ஒண்ணாந்தேதி காலியாத்தான் இருக்குதாம்."

மணிமொழிக்கு முதலில் புரியவில்லை. தோப்பு என்று முடிவாகி இரண்டு மாதம் ஆயிற்றே என்றாள்.

"தோப்புல வெக்கறதுன்னா நீங்க வெச்சிக்குங்க. நான் வரல."

சின்னக்கண்ணு, மணிமொழியின் அப்பா, கரும்பு வெட்டப் போகிறவர். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை முடிந்து வீட்டில் இருந்தார். எதையும் விளையாட்டாக்கியே கடந்துவிடுகிற மனிதர். பொண்ணப் பெத்தவளே வரலன்னா எப்படி, சம்பந்தியம்மா பக்கத்துல நானே புடவ கட்டிக்கினு நிக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். ஜெயம்மாள் சிரிக்கவில்லை. அவரும் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மணிமொழிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடப்பக்கம் அம்மாவுக்கு என்னவெல்லாம் சங்கடமாக இருக்கும் என்று யோசித்து எழுதினாள். வலப்பக்கம் அதற்கு வழி. வெயில்: எட்டு மணிக்குள் எல்லாம் முடியும். எறும்பு: முதல் நாளே மருந்து தூவலாம். பெண்களுக்குக் கழிப்பறை: மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் தட்டி கட்டலாம். மழை: ஷாமியானா சொல்லி வைக்கலாம். வயசானவர்கள்: நாற்காலி நாற்பது. அம்மா அடுப்பெரித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஜெயம்மாள் ம் என்றாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"அப்ப போயி கொடத்த எடுத்துக்கினு போ. கொழாயில தண்ணி வந்துருச்சு."

அந்த வாரம் முழுக்க நாட்குறிப்பில் பிழை என்ற சொல்லுக்கு எதிரே ஒரே வாக்கியம்தான் இருந்தது: அம்மா ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று தெரியவில்லை. வகுப்பிலும் விரல் ஓடவில்லை. இளமாறனிடம் சொன்னபோது அவன் அடிப்பதை நிறுத்திவிட்டு, அத்தை வராமல் எனக்கு எந்தத் தோப்பும் வேண்டாம், மண்டபமே இருக்கட்டும் என்றான். அவனுக்கு அது எளிதாக வந்தது. மணிமொழியும் அதைத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் காரணம் தெரியாமல் மண்டபத்துக்குப் போனால் அம்மா வருவாளே தவிர, மனசோடு வருவாள் என்று சொல்ல முடியாது. ஒரு கல்யாணம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற அம்மா அவளுக்கு வேண்டாம்.

காரணத்தைச் சொன்னது பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, உங்கம்மா பேசினாளா என்று கேட்டாள். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பட்டியலைப் போனில் பார்த்து ஜெயம்மாளுக்குப் படித்துக் காட்டியது அவள்தான்.

"பதினாறு வரிக்கும் சிரிச்சிக்கினுதான் கேட்டா. பதினேழப் படிச்சேன், எழுந்து போயிட்டா. நீ இன்னா டைப்பு படிக்கிறியோ போ."

குடம் நிறைந்து வழிவதைக்கூடப் பார்க்காமல் மணிமொழி போனைத் திறந்தாள். இடைவெளி திருத்திய வரி ஒழுங்காக இருந்தது.

17. தோப்பைக் கூட்டுதல் (முதல் நாள் மாலையும், மறுநாள் காலையும்) – ஜெயம்மாள்.

மேலே மூன்றாம் வரியில் காசியம்மாள் பன்னீர்ச் செம்போடு நின்றாள்.

அடித்த நேரம் அவளுக்கு நினைவிருந்தது. தோப்பை நன்றாகத் தெரிந்தவர் யார் என்று யோசித்தாள். அம்மா என்று விரல் போயிற்று. அடுத்த வரிக்கு வந்துவிட்டாள். நிற்கக்கூட இல்லை. திருத்தும்போதும் அந்த இடைவெளியைப் பார்த்தாளே ஒழிய வரியைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜெயம்மாள் முறத்தில் மல்லாட்டைக் கடலையைக் கொட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். மணிமொழி குடத்தை இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பதினேழாவது வரியைப் பார்த்தேன் என்றாள்.

ஜெயம்மாள் உடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இருவத்திரண்டு வருசம் அந்தத் தோப்பக் கூட்டிக்கினு இருந்தேன். மொதலாளி வூட்டுக்கு விருந்தாளி வந்தா எனக்கு ஆளு வரும். கூட்டி வுட்டுட்டு, நாற்காலி போட்டுட்டு, வேலிக்கு அந்தாண்ட போயி நிப்பேன். நெழலு அவங்களுக்கு. ஒரு நாளு அந்த மரத்தடியில குந்தினது கெடையாது. உன்னத் தூளியில போட்டதுகூட, நீ அழுதா எனக்குக் கேக்கணுமேன்னுதான். உனக்கு அது அழகா இருக்குது. இருக்கட்டும். நான் வேணாம்னு சொல்லல, ரெண்டு மாசமா வாய மூடிக்கினுதான் இருந்தேன். எம் பொண்ணு ஆசப்பட்றா, போயி ஒக்காருவோம்னு இருந்தேன். ஆனா எம் பொண்ணு கல்யாணத்துலயும் சம்பந்திக்குப் பன்னீரு, எனக்கு வெளக்கமாறா?"

"தப்பும்மா."

"தப்புன்னா உன் நோட்டுல எழுதிக்க."

மணிமொழிக்குச் சுரீர் என்றது. கண்ணில் நீர் முட்டியது. அழுதால் அம்மா தன்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். முறத்திலிருந்து ஒரு பிடி எடுத்துத் தானும் உடைத்தாள். பிறகு, மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம், இளமாறனும் அதைத்தான் சொல்கிறான், மனசாரத்தான் சொல்கிறேன் என்றாள். அது உண்மையாகவே இருந்தது. அந்த நிமிடத்தில் தோப்பை விடுவது அவளுக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

ஜெயம்மாள் முறத்தைப் புடைத்தாள். தொலி பறந்தது.

"அந்தப் பட்டியல மொதல்லேருந்து படி."

மணிமொழி படித்தாள். ஒன்றாவது வரியிலேயே ஜெயம்மாள் கையைத் தூக்கினாள். மணவறை எந்த மரத்தடியில் என்று கேட்டாள். ருமானி மரம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள். காலை ஏழு மணிக்கு அங்கே நேராக முகத்தில் வெயிலடிக்கும். காய் பறித்த காம்பிலிருந்து பால் சொட்டிப் பட்டுப்புடவை பாழாகும். அந்த வேரைச் சுற்றித்தான் சிவப்பெறும்புப் புற்று. மோட்டார் கொட்டகைக்கு வடக்கே நிற்கிற பெரிய நடுசாலை ரக மாமரம்தான் சரி, மலைக்காற்றும் அங்கேதான் இறங்கும். பந்தி வாய்க்கால் ஓரம். அடுப்பு காற்றுக்குக் கீழ்ப்பக்கம். முப்பத்தோரு வரியில் பதினான்கு மாறின. பென்சிலால் எழுதி எழுதித் தாள் அழுக்கானது. பதினேழில் வந்து நின்றார்கள்.

"அத நீங்க ரெண்டு பேரும் செய்ங்க. நீயும் மாப்ளயும். என் பேருல ஒரு வேலையும் போடாத. நான் பொண்ணப் பெத்தவ. வந்து ஒக்காருவேன்."

அப்படியென்றால் தோப்பிலா என்று மணிமொழி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. தனசேகரனுக்கு இன்னும் பத்திரிகை வைக்கவில்லை, இடம் கேட்டதோடு சரி. அதை ஜெயம்மாளே போய் வைப்பாள். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, வாசல் வழியாக.

கேட்டுக்கொண்டே உள்ளே வந்த சின்னக்கண்ணு, "அவரு தோப்புக்கு அவரையே விருந்தாளியா கூப்புட்றவ இந்த ஊருலயே நீ ஒருத்திதான்டி" என்றார். இந்த முறை ஜெயம்மாளுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

போனார்கள். வாசல் வழியாகவே போனார்கள். தனசேகரன் அட்டையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். 'மொதலாளி, ஜெயம்மாள் உங்களைக் கூப்பிடுகிறார்கள், வந்து உட்கார வேண்டும்' என்று அவருக்கான வரி இருந்தது. அம்மா சொன்னபடியே மணிமொழி அடித்தது. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, வராம எங்க போறேன் என்றார்.

முப்பத்தோராம் தேதி மாலை மணிமொழியும் இளமாறனும் தோப்பைக் கூட்டினார்கள். நினைத்ததைவிட அது பெரிய தோப்பு. சருகு அள்ள அள்ளக் காற்று இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டது. அரை மணியில் மணிமொழிக்கு இடுப்பு ஒடிந்தது, உள்ளங்கையில் கொப்புளம். ஷாமியானாக்காரர் இறக்கிய நாற்காலிகளில் ஒன்றை நடுசாலை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு ஜெயம்மாள் உட்கார்ந்திருந்தாள். முதலில் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாய்ந்துகொண்டாள்.

"இன்னா மாப்ள, போல்ட்டு கழட்ற மாதிரி கூட்டுறீங்க. அவளப் பாருங்க, டைப் அடிக்கிறா. ஒவ்வொரு எலையா."

இளமாறன் விளக்குமாற்றைத் தோளில் வைத்துக்கொண்டு, நாளைக்குத் தாலி கட்டத் தெம்பு இருக்குமா அத்த என்றான். இதுக்கே இப்படின்னா எம் பொண்ண எப்படி வெச்சிக் காப்பாத்துவீங்க என்றாள் ஜெயம்மாள்.

கல்யாணத்தன்று விடியலில் மலை நீலமாக இறங்கி நின்றது. பாய்கள் விரித்திருந்தன. சாமைப் பொங்கல் வாசனை காற்றோடு எதிர்ப்பக்கம் போயிற்று, அம்மா சொன்ன மாதிரியே. காசியம்மாள் பன்னீர்ச் செம்போடு வேலியோரம் நின்றாள். கை வலித்தபோது செம்பைச் சின்னக்கண்ணுவிடம் கொடுத்தாள், அவர் ஆளுக்கு இரண்டு மடங்கு தெளித்தார். இளவரசன் மாமா தவிலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரோடும் பாயிலேயே உட்கார்ந்தார். ஜெயம்மாள் அரக்குச் சிவப்புப் புடவையில் முன்வரிசை நாற்காலியில் இருந்தாள். பக்கத்து நாற்காலி தனசேகரனுக்கு.

அவர் ஆறேகாலுக்கு வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக மரங்களைப் பார்த்தபடியே வந்தார். வழியில், காற்றில் விழுந்த ஒரு சருகுக் கொத்து பாயின் மேல் கிடந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவர் வாயிலும் இருந்தது போல.

"ஜெயம்மா, இந்த எலையக் கொஞ்சம் தள்ளு."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றுகூட அவர் பார்க்கவில்லை. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மணிமொழி திரும்பினாள். அம்மாவின் இரண்டு கையும் நாற்காலிக் கையைப் பிடித்ததைப் பார்த்தாள். உடம்பு ஒரு சாண் எழுந்ததையும் பார்த்தாள். எழுந்துவிட்டால் இந்தக் கல்யாணம் தனக்கு என்றைக்கும் அந்தச் சருகாகத்தான் நினைவிருக்கும் என்று தோன்றியது.

ஜெயம்மாள் திரும்ப உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க மொதலாளி. ஒங்களுக்குத்தான் எடம் போட்டு வெச்சிருக்குது. வந்து ஒக்காருங்க. எல கெடக்கட்டும்."

தனசேகரன் நின்றார். அவளைப் பார்த்தார், காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு சரியாயிற்று. குனிந்து அந்தச் சருகைத் தானே பொறுக்கி, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். காப்பி வந்ததும் சருகை நாற்காலிக்கு அடியில் நழுவவிட்டார்.

ஆறரைக்குத் தவில் முழங்கத் தாலி ஏறியது. அதற்குப் பிறகு இளமாறன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மணிமொழிக்கு என்னவெல்லாம் செய்வேன் என்று அவனே யோசித்து அடித்து வைத்திருந்ததைப் படித்தான். பட்டறையிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன் என்பது முதல் வரி. ஒவ்வொரு வாரமும் இவள் எழுதுகிற பிழைகளில் ஒன்றையாவது என் பேரில் மாற்றி எழுதிக்கொள்வேன் என்பது கடைசி வரி. பாயில் இருந்த மாஸ்டர் கை நீட்டித் தாளை வாங்கினார். பேனா மூடி கழன்றது. நாலு என்றார். தோப்பே சிரித்தது.

பந்தியில் பெண்ணும் மாப்பிள்ளையும் பரிமாறினார்கள். முதல் இரண்டு இலை இரண்டு அம்மாக்களுக்கு. மூன்றாவது தனசேகரனுக்கு. மணிமொழி பொங்கல் வைத்தபோது ஜெயம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. போதும் போதும் என்று இலையின் மேல் கையை மட்டும் காட்டினாள். பிறகு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

பதினொரு மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தோப்பு முழுக்க எச்சில் இலை, காகிதக் குவளை, உதிர்ந்த பூ. கல்யாணமான மறுநாளே புதுப்பெண் கையில் விளக்குமாறா, ஆள் வைத்துக் கூட்டச் சொல்லு என்று கொளஞ்சியம்மாள் சொல்லிப் பார்த்தாள். ஜெயம்மாள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சேர்ந்து கூட்டினால் ஒன்றும் ஆகிவிடாது, பட்டியலில் எழுதியது எழுதியதுதான் என்றுவிட்டு, வீட்டுக்கு வந்து புடவையை மாற்றாமலே பாயில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

வெயில் தணிந்த பிறகு மணிமொழி நோட்டை எடுத்தாள். மருதாணி விரலில் பேனா வழுக்கியது.

ஜூன் 1, ஞாயிறு. மாலை ஐந்தரை.
பிழை: அம்மா எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.
நாளை: காலை ஆறு மணிக்குத் தோப்பைக் கூட்ட வேண்டும். நானும் இளமாறனும். விளக்குமாறு இரண்டு, கூடை ஒன்று. வாய்க்கால் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும்.